பழுப்பு எண்ணெய் எவ்வளவு கரையும்?

எந்தப் பொருள் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று அளந்து சொல்வதுதான் என் பிழைப்பு. உப்பு, சீனி மாதிரி ஒற்றைப் பொருளென்றால் கவலையில்லை. ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். கலவை வந்து சேர்ந்தால்தான் தலைவலி. "வளவளன்னு பேசாம ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க" என்று யாரிடமாவது மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது நுவரெலியாவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில். லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருநாள் பழுப்பு நிற எண்ணெய்ப் போத்தல் ஒன்று வந்தது. பல தாவர எண்ணெய்களைச் சேர்த்துக் காய்ச்சிய களைகொல்லி. ஏழாம் நம்பர் தேயிலை மலையில் அதைத் தெளிக்கப் போகிறார்களாம். அந்த மலைக்குக் கீழேதான், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மக்கள் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கிறது. எண்ணெய் தண்ணீரில் கரையுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நானும் லயத்தில் பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். அதனால் அந்தப் போத்தலைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

எண்ணெய்க்கு வெந்நீர்

சோதனையை இருபது பாகை வெப்பத்தில் செய்ய வேண்டும் என்பது விதி. கொழும்பில் இருப்பவர்கள் அதற்காகத் தண்ணீரைக் குளிரவைப்பார்கள். எங்கள் அறையில் காலையில் விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியாது, ஆகவே நாங்கள் சூடாக்குகிறோம். இளஞ்சூட்டு நீர்த்தொட்டி ஒன்றில் கண்ணாடிக் கலத்தை வைத்து, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து நாட்கணக்கில் மெதுவாகக் கலக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தொட்டியின் வெப்பம் இறங்கியிருந்தது. பதறிப்போய்ப் பார்த்தால், என் சக ஊழியர் நிமல் முழங்கை வரை இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார். நான் போட்ட சத்தத்தில் கையை எடுத்தவர், துடைத்துக்கொண்டே கேட்டார்: "மிஸ், இந்த ஊர்ல எண்ணெய்க்கு மட்டுந்தான் குளிருதா?"

விற்பனையாளரின் கைவண்ணம்

எண்ணெய் விற்கும் கம்பனியின் ஆள் ஒருவர் வந்து எங்கள் கலத்தைப் பார்த்தார். தண்ணீர் நடுவே சின்னக் குழி விழும் அளவுக்குத்தான் நாங்கள் கலக்குவோம். வேகமாகக் கலக்கினால் எண்ணெய் பொடித் துளிகளாக உடைந்து தண்ணீரில் மிதக்கும். அது கரைந்த மாதிரி கண்ணை ஏமாற்றும், அவ்வளவுதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு போத்தலில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிப் படபடவென்று குலுக்கினார். பால் மாதிரி வெளுத்துப் போனது. "பாருங்க, எவ்வளவு அழகாக் கரையுது!" என்றார் பெருமையாக.

"அப்படியென்றால் மழை பெய்தால் எல்லாம் பீலிக்குத்தானே போகும்?" என்று கேட்டேன்.  அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "தெளிக்கிறப்ப கரையும்ங்க மிஸ். தெளிச்ச பெறகு கரையாது."

படிவத்தில் ஒரு கட்டம்

தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், தொலைபேசியில் கூப்பிட்டார். மேலிடத்துப் படிவத்தில் 'கரைதிறன்' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதற்கு ஒரு எண் வேண்டுமாம். இந்த எண்ணெயில் பல பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் கரைகிறது, எண்ணெயைக் கூட்டிப் போட்டால் விடையும் மாறுகிறது, கரைந்த தண்ணீரில் இருக்கும் கலவையும் போத்தலில் இருக்கும் கலவையும் ஒன்றல்ல என்று பொறுமையாக விளக்கினேன். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"மிஸ், நான் கேட்டது நம்பர். நீங்க சொல்றது கதை."

பீலியடியில்

காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சோதித்தால் போதுமென்றுதான் ஒப்பந்தம். மனசு கேட்காமல், பீலித் தண்ணீரிலும் சோதித்துப் பார்க்க லிந்துலைக்குப் பஸ் ஏறினேன். பீலியடியில் செல்வராணி என்ற கொழுந்தெடுக்கும் பெண் குடத்தோடு நின்றார். எனக்கு வழிவிட்டு, தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோன வெறும் போத்தலை நான் கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கழுவி ஊற்றினேன். இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

"ஏன் மிஸ் இத்தன தடவ?" என்றார். பழைய அழுக்கு இருந்தால் கணக்குத் தப்பிவிடும் என்றேன். அவர் ஏழாம் நம்பர் மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஒங்க போத்தல மூணு தடவ கழுவுறீங்க. எங்க வயித்த எப்புடிங்க கழுவுறது?"

அறிக்கை நாள்

முடிவு வந்தது. இரண்டு தண்ணீரிலும் எண்ணெயில் மிகப் பெரும்பகுதி கரையவே இல்லை, மேலே மிதந்தது. கரைந்தது கொஞ்சமே கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் இருந்தது, களையைக் கருக்கும் அந்தக் காரமான பொருள்தான். இதை நாலாம் பக்கத்தில் விளக்கமாக எழுதியிருந்தேன். முதல் பக்கத்துக் கட்டத்திலோ, வற்புறுத்தலுக்குப் பணிந்து, சின்னதாக ஒரு எண்ணைப் போட்டுத் தொலைத்திருந்தேன்.

தோட்டத்து ஆபீசில் துரை முதல் பக்கத்தை மட்டும் படித்தார். லயத்துச் சார்பில் செல்வராணியும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். "ஒன்னுமே கரையல. திங்கக்கெழம தெளிக்கலாம்" என்றார் துரை. நாலாம் பக்கத்தைத் திருப்பச் சொல்லி நான் அதையும் இதையும் பேசினேன்.  துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது செல்வராணி என்னிடம் திரும்பி, "கரையிற அந்தக் கொஞ்சந்தான் வெசமா மிஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், முதல் முறையாக ஒரே சொல்லில்.

அவர் துரையைப் பார்த்துச் சொன்னார்: "கருவாட்டத் தண்ணியில போட்டு அலசுறோம்ங்க தொரை. கருவாடு கரைஞ்சா போகுது? அப்புடியேதான் கெடக்கு. உப்பு மட்டும் எறங்கிருது. எங்க கொடத்துக்கு வரப்போறது கருவாடு இல்லீங்க, அந்த உப்பு."

துரை அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு நாலாம் பக்கத்தைத் திருப்பி முழுதாகப் படித்தார். சுவரில் தொங்கிய தோட்டப் படத்தில் ஏழாம் நம்பர் மலையைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, கங்காணியைக் கூப்பிட்டார்: "அந்த மலைக்கு எண்ணெ வேணாம். கையாலயே புல்லு வெட்டச் சொல்லு."

பன்னிரண்டு நாள் கலக்கி, நாலு பக்கம் எழுதியும் என்னால் புரியவைக்க முடியாததை வாராவாரம் கருவாடு அலசுகிற ஒருவர் அரை நிமிடத்தில் புரியவைத்துவிட்டார், அறிக்கையில் கையெழுத்து மட்டும் என்னுடையது.