ஃபியூஸ் கட்டை யார் கையில்?

போன வாரம் கொட்டுகிற மழையில், ஒரு கரண்டுக் கம்பத்தடியில் நின்று நன்றாக அசடு வழிந்தேன்.

நான் கரண்டு ஆபீஸ் கிளார்க் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் சங்கத்தின் கிளைச் செயலாளரும் நான்தான். எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்கியதில் என் தலையில் வந்து விழுந்த பதவி அது. குளச்சல் பக்கம், கடலோரக் கிளை. கொஞ்சம் காற்றடித்தால் போதும், தென்னை மட்டை கம்பியில் விழும்.

ஜெபசிங்கும் சுயம்புவும் எங்கள் லைன்மேன்கள். ஐம்பதை நெருங்குகிறவர்கள், பல வருடமாக ஜோடி. ஒருவர் கம்பத்தில் ஏறினால் இன்னொருவர் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து ஃபியூஸ் கட்டைகளை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்பார். கட்டையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர் ஏறுவார். ஏன்? கட்டை அந்தக் கையில் இருக்கும்வரை யாரும் தவறிப்போய்க்கூட கரண்டைப் போட முடியாது. மேலே இருப்பவரின் உயிர் கீழே நிற்பவர் கையில்.

தேர்தல் வந்தது. ஒருவர் ஒரு கட்சி, இன்னொருவர் நேர் எதிர்க்கட்சி. கட்சிப் பெயரெல்லாம் கேட்காதீர்கள் — சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் எனக்கு போன் வரும். அதுவரை கிண்டலும் கேலியுமாகப் போனது, ஒருநாள் டீக்கடையில் முற்றிவிட்டது.

"சங்கத்துலயும் இருந்துக்கிட்டு, தொழிலாளி வயித்துல அடிக்கிற கட்சிக்கு ஓட்டும் கேக்கியே... வெக்கமா இல்லியா லே?" என்றார் சுயம்பு.

"நாம ஸ்டிரைக் பண்ணுனப்போ உன் கட்சி எங்க லே போயிருந்து?" என்றார் ஜெபசிங்.

அதோடு பேச்சு நின்றது. இருவரும் தனித்தனியாக என் மேசைக்கு வந்தார்கள். கோரிக்கை என்னவோ ஒன்றுதான். "எக்கா, அவன சங்கத்த விட்டு நீக்கணும்." இந்த ஒரு விஷயத்திலாவது ஒருமித்த கருத்து!

நீக்குவதா? எங்கள் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. கட்சி பார்த்து நீக்க ஆரம்பித்தால் கடைசியில் நானும் ரப்பர் ஸ்டாம்பும்தான் மிஞ்சுவோம். ஆனால் பேசாத இரண்டு பேரைக் கரண்டுக்குப் பக்கத்தில் விடவும் பயம். இன்ஜினியரிடம் சொல்லி ஜோடியை மாற்றினேன். ஜெபசிங்கோடு அவர் கட்சிக்காரர் ராஜன். சுயம்புவோடு அவர் கட்சிக்காரர் ஒருவர். ஆகா, என்ன அமைதி! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன வாரம் மழை பிடித்தது. ஆபீசுக்குப் பின்தெருவில் மட்டை விழுந்து கம்பி அறுந்தது. ஜெபசிங்கும் ராஜனும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ராஜனிடமிருந்து போன்.

"எக்கா, அண்ணன் ஏற மாட்டேன்னு நிக்காரு. ஒண்ணு வாங்களேன்."

குடையோடு ஓடினேன். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி ஜெபசிங். மாமனாருக்கு மூச்சுத் திணறுகிறது, மெஷின் வைக்கக் கரண்டு வேண்டும் என்று ஒரு பெண் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். இவர் அசையவில்லை.

"சுயம்புவ வரச் சொல்லுங்கக்கா."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "அவர நீக்கணும்னு சொன்னது நீங்கதானே? ராஜன் உங்க ஆளுதானே?"

"நம்ம ஆளுதான். நல்ல பயதான். ஆனா கட்டையக் கீழ வச்சிட்டு, போன்ல கட்சிக் கூட்டம் பேசப் போயிருவான். நேத்தும் போனான்." குரலைத் தாழ்த்தினார். "ஓட்டுக் கேக்க ராஜன் போதும்கா. எனக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போவாண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது.

சுயம்புவுக்கு போன் போட்டேன். "நம்ம ஜெபசிங்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "ஐயோ, அவனுக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

வந்தவர் மழைக்கோட்டுகூடப் போட்டிருக்கவில்லை. ஜெபசிங்கின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நேராக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனார், கட்டைகளை உருவினார், கம்பத்தடிக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டினார். ஜெபசிங் பார்த்தார். ஏறினார்.

அவர் மேலே வேலை செய்த நேரம் முழுக்க சுயம்பு அண்ணாந்தே நின்றார். மழை கண்ணில் விழுகிறது. மனசு கேட்காமல் குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினேன்.

"குடைய மாத்துங்கக்கா, அவன் தெரியல்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அவர சங்கத்த விட்டு நீக்கணும்னியளே... இப்பவும் நீக்கணுமா?"

"கண்டிப்பா நீக்கணும்." பார்வை கம்பத்தை விட்டு நகரவில்லை. "மொதல்ல அவன் பத்திரமா எறங்கட்டும்."

இறங்கினார். கட்டைகள் மாட்டியாயிற்று, தெருவுக்குக் கரண்டு வந்தது, அந்தப் பெண் வீட்டுக்குள் ஓடினாள். இனி இவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்...

"இந்தக் கம்பம் உங்க ஆட்சியில நட்டது லே. சாஞ்சு நிக்கது பாத்தியா?" என்றார் ஜெபசிங்.

"நட்டது நாங்க. சாச்சது நீங்க!"

டீக்கடை வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி! பேச ஆரம்பித்துவிட்டார்களே, அது போதாதா?

ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே கொடியைப் பிடிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உங்கள் ஆபீசிலும் ஒரு சுயம்பு இருப்பார். அவருடைய அரசியலைக் கேட்டாலே உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும், தப்பில்லை. அவரை ஒதுக்கிவைக்கும் முன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள் — கட்டை யார் கையில் இருந்தால் நீங்கள் பயமில்லாமல் ஏறுவீர்கள்?

மறுநாளே இன்ஜினியரிடம் போய் அசடு வழிந்து, பழைய ஜோடியைத் திரும்ப வாங்கிவிட்டேன். கம்பத்தடியில் நிற்கும்போது ராஜனின் போன் இனி என் மேசையில்.

நீக்குகிற விஷயம் என்னாயிற்று என்கிறீர்களா? மழைக்காலம் பாருங்கள்... எப்போதும் இருவரில் ஒருவர் கம்பத்தில் இருக்கிறார். இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்!