பழசைப் புதுசாக்கும் வாளி

எண்ணூர் அனல்மின் நிலையச் சிமினிப் புகை நிமிர்ந்து போகாமல் படுத்துக்கொண்டு எர்ணாவூர்ப் பக்கம் வர ஆரம்பித்தால் போதும், டிவியில் புயல் என்று சொல்வதற்கு முன்பே அம்மா வாளியை எடுத்துவிடுவாள். பெயிண்டரான அப்பா வேலை முடிந்த இடத்திலிருந்து கொண்டுவந்த, மூடி போட்ட பெரிய பெயிண்ட் வாளி. குடியிருப்பில் எங்கள் வீடு கீழ்த்தளம். வெள்ளம் முதலில் விசாரிக்க வருவது எங்களைத்தான்.

ரேஷன் கார்டும் ஆதாரும் பாலிதீன் கவரில் முடிந்து உள்ளே போகும். அப்புறம் டார்ச், மெழுகுவத்தி, பொட்டுக்கடலை, பிஸ்கட், மாற்றுத் துணி. ஒரு குடும்பமே ஒரு வாளிக்குள் எப்படி அடங்குகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். கடைசியாகத் தம்பி மூச்சுக்கு மருந்தடித்துக்கொள்ளும் பம்பு. ஈரக்காற்று பட்டாலே அவனுக்கு மூச்சு இழுக்கும். அந்த வருஷம் அப்பாவுக்குச் சரியான வேலை இல்லை, புது பம்பு வாங்கவில்லை. அம்மா பழையதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே உள்ளே வைத்து மூடினாள்.

வாளியை மேலே யார் வீட்டிலாவது பத்திரமாக வைக்க வேண்டும். இரண்டாவது மாடியில் அம்மாவின் உயிர்த்தோழி இருந்தாள். அம்மா என்னை அனுப்பியதோ மூன்றாவது மாடியில், நான் அத்தை என்று கூப்பிடுகிறவள் வீட்டுக்கு. தண்ணீர் லாரி வந்தபோது வரிசையில் குடத்தை நகர்த்திய தகராறில் அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. போயும் போயும் அங்கேயா என்று கேட்டேன்.

"அவ தோஸ்துடி, உள்ள இன்னா கீதுன்னு தொறந்து பாத்துடுவா. இவ ரோசக்காரி, மூடில கைகூட வெக்க மாட்டா."

படிப்படியாக இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அத்தை என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதை அலேக்காகத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புயல் உடனே வரவில்லை. சில நாள் கடலிலேயே நின்று போக்குக் காட்டிவிட்டு, ஒரு மத்தியானம் வந்தது. தண்ணீர் வாசல்படி ஏறியதும் நாங்கள் மாடி ஏறி மூன்றாவது மாடி நடையில் ஒடுங்கினோம். நினைத்த மாதிரியே தம்பிக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு குழிந்து குழிந்து எழுந்தது. தெருவெல்லாம் தண்ணீர், மருந்துக்கடைக்கு எங்கே போவது? அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு செய்வதறியாமல் நின்றார். அம்மா கேட்கும் முன்பே அத்தை வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள்.

அம்மா மூடியைத் திறந்தாள். பழைய பம்பைக் காணோம். அதே இடத்தில், பிரிக்காத டப்பாவில் புத்தம்புது பம்பு.

 அம்மா டப்பாவைக் கிழித்துப் பம்பைத் தம்பியின் வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு சீரானது. எனக்குத்தான் மூச்சே வரவில்லை. எங்கள் வாளிக்குப் பழசைப் புதுசாக்கும் சக்தி இருக்கிறது என்று அன்று கண்டுபிடித்துவிட்டேன். அம்மா நிமிர்ந்தபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ போடப் போய்விட்டாள்.

"உங்கம்மாக்கு குடு. சூடா கீது, பாத்து" என்று ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினாள். அம்மாவும் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வருஷம் புகை படுத்ததும், விரலுக்குப் பிடிபடாமல் தேய்ந்துபோன என் கலர் பென்சில் கட்டைகளை யாருக்கும் தெரியாமல் வாளிக்குள் போட்டேன். மழைக்காலம் முடிந்து அத்தை வீட்டு பீரோவிலிருந்து வாளி இறங்கியபோது உள்ளே ஒரு முழுப் பெட்டி கலர் பென்சில்! குதித்துக்கொண்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா பெட்டியை வாங்கி ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வாளிடி" என்றாள்.

அப்போதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அத்தையை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. இப்பேர்ப்பட்ட வாளி அத்தனை நாள் வீட்டிலேயே இருந்தும், ரோசத்தினால் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்காமல் இருந்துவிட்டாளே என்று.