நெல் அடுப்பில் சுட்ட பெயிண்ட்

ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆயுத பூஜை சமயம். பொன்னேரியிலிருந்து புதுவாயல் வழியாக அருகிலுள்ள சின்ன ஊரான ஆரணிக்குப் போகும் பஸ்ஸை என் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்த வண்டி. நெல்லை நம்பியிருந்த குடும்பம் முதன்முதலாக இரும்பை நம்பிய காலம் அது.

பூஜைக்கு வண்டியை ஜோடிப்பதில் இவருக்கு அடங்காத ஆசை. வெளியே அடித்த பச்சை பெயிண்ட் மீந்துபோக, பானெட்டைத் திறந்து உள்ளேயும் அடித்துவிட்டார். இன்ஜின் புகை வெளியேறும் இரும்புக் குழாயைக்கூட விடவில்லை. சந்தனம், குங்குமம் வைத்ததும் இன்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நானே திருஷ்டி கழித்தேன்.

மறுநாள் புதுவாயல் தாண்டியதும் குழாய் சூடேறி, பெயிண்ட் கொப்பளித்துக் கருகி, வண்டிக்குள் புகை மண்டிவிட்டது. "பஸ்ஸு எரியுது!" என்று யாரோ கத்த, முன்சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண், வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்குக் கால் பிசகியது. பொன்னேரியில் ரைஸ் மில் நடத்தும் பாயின் மனைவி அவள்.

அதன்பிறகு எங்கள் வண்டியில் ஏற ஆளில்லை. ஜனங்கள் மாட்டுவண்டியில் போனார்கள், நடந்தும் போனார்கள். வண்டி போனால் பிழைப்பே போய்விடும்.

ஒரு நாள் காலை அவளே நொண்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு டப்பா. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எங்க மில்லு பொகபோக்கிக்கு இத்தத்தான் அடிச்சிக்கீறாங்கக்கா. ஒங்க வண்டிக்குத் தாங்குதா பாருங்க. எங்கம்மா ஊடு ஆரணில கீது. வேற பஸ்ஸுக்கு நான் எங்க போவேன்?" என்றாள்.

புறக்கடையில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். ஒரு தகரத் துண்டில் பச்சையும், இன்னொன்றில் அவள் கொண்டுவந்த வெள்ளி நிறப் பெயிண்ட்டும் தடவி, வெயிலில் காய்ந்ததும் அடுப்பில் செருகினேன். பச்சை பொசுங்கி உதிர்ந்தது. வெள்ளியும் புகைய ஆரம்பித்தது. இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாண்ணே அதுக்குள்ள? கொஞ்சம் பொறுங்க" என்றாள் அவள்.

புகை தானாக அடங்கியது. தகரம் செக்கச்செவேல் என்று சிவந்தது. வெளியே இழுத்துப் போட்டு ஆறவிட்டால், அந்த வெள்ளி அப்படியே இருந்தது! தினமும் நெருப்போடு மல்லுக்கட்டுகிறவள் நான். அது தின்னாமல் விட்ட பூச்சை அன்றுதான் பார்த்தேன்.

குழாயைக் கழற்றிச் சுரண்டி, அந்தப் பெயிண்ட்டை அடித்து, அதே அடுப்பில் புகை அடங்கும்வரை சுட்ட பிறகுதான் இவர் வண்டியில் மாட்டினார்.

அடுத்த நாள் பொன்னேரியில் வண்டி நின்றது. நானும் கூடப் போயிருந்தேன். எல்லோரும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்களே தவிர, ஒருவரும் ஏறவில்லை. அவள் குழந்தையோடு வந்தாள். பயப்படுவாளே என்று பின்சீட்டைக் காட்டினேன்.

"முன்சீட்டுதான் வோணும்" என்று சொல்லி, முன்பு குதித்த அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்து ஒவ்வொருவராக ஏறினார்கள். ஆரணி வரை புகையே வரவில்லை. குழந்தை அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது.

பெயிண்ட் நெருப்பைத் தாங்கும் என்பதை அடுப்பில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் மறுபடி உட்கார அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்பது மட்டும் இன்றுவரை எனக்குப் பிரமிப்பாகவே இருக்கிறது.