ஏரிக்குள் ஒரு ஆட்டக்காரர்

ஏரியைப் பார்த்த வீட்டைக் கமலக்கண்ணன் வாங்கிய இரண்டாவது கோடையில் ஏரி வற்றிப்போனது.

சங்கரன்கோவில்காரர். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் உழைத்து, வாகன உதிரிபாகக் கம்பெனியில் மேனேஜர் வரை வந்தவர். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கேட்டும் கிளப் ஹவுசுமாக எழும்பிய வில்லாக்களில் அவருடையது முதல் வரிசை. அங்கே பாதிப் பேர் பெங்களூருக்குக் காரில் போய்வருகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரரையே அவருக்கு வாட்ஸ்அப் குழுவில்தான் பழக்கம்.

தண்ணீர் வற்றியதும் அந்தக் குழு கொதித்தது. லேக் வியூ என்று சொல்லி ஏமாற்றிவிட்டதாக பில்டரைத் திட்டினார்கள். டேங்கர் விட்டு ஏரியை நிரப்ப முடியுமா என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதிலைத் தாண்டி ஒரு டென்னிஸ் பந்து பறந்துவந்து அவர் மனைவி சுப்ரியாவின் ரோஜாத் தொட்டியில் விழுந்தது. எடுத்துக்கொண்டு பின்கேட்டைத் திறந்தார். வற்றிய ஏரிக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த, அக்கரைக் கிராமத்தில் டெம்போ ஓட்டும் சென்னகிருஷ்ணன் வியர்வையோடு நின்றிருந்தான்.

பந்தை வாங்கிக்கொண்டவன் போகாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "எங்க டீமுல ஒரு ஆளு கொறையுதுங்க சார். சும்மா வந்து நின்னாக்கூடப் போதும்."

"எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சுப்பா."

"எங்க கீப்பருக்கு அம்பத்தஞ்சுங்க."

மாடியிலிருந்து சுப்ரியாவின் குரல் வந்தது. "போயிட்டு வாங்களேன். வீட்ல இருந்தாலும் போனைத்தான பாக்கப் போறீய."

பாளம் பாளமாக வெடித்த ஏரிக்குள் அவரை எல்லையோரம் நிறுத்தினார்கள். சற்று நேரத்தில் பந்து உயர எழும்பி அவரை நோக்கியே வந்தது. "பட்டு, பட்டு" என்று நாலாபக்கமும் கத்தினார்கள். பட்டு என்று யாரோ ஒருவர் ஓடி வருகிறார் போலிருக்கிறது என்று கமலக்கண்ணன் மரியாதையாக விலகி வழிவிட்டார். பந்து தொப்பென்று விழுந்தது.

"சார், தெலுங்குல பட்டுன்னா புடின்னு அர்த்தம்" என்றான் சென்னகிருஷ்ணன், சிரிப்பை அடக்க முடியாமல். ஏரியே சிரித்தது. கமலக்கண்ணனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியாக அப்படி எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தார்; பிடிபடவில்லை.

மறுநாள் கம்பெனியில் படியேற முடியவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு அவரே முதல் ஆளாகப் போய் ஸ்டம்பு நட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பு மணியை அடித்து அவரையும் இழுத்துப்போனார். சென்னகிருஷ்ணனின் அம்மா வெங்கடம்மா அனுப்பிய மோரைக் குடிக்கவே சிலர் வரத் தொடங்கினார்கள். பில்டரைத் திட்டுவது தானாக ஓய்ந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. குழுவில் படம் படமாகப் போட்டுக் கொண்டாடினார்கள். கமலக்கண்ணன் மட்டும் எதையோ பறிகொடுத்தவர்போல மாடியில் நின்றார். பொறுக்கமாட்டாமல் கரை சுற்றி நடந்து சென்னகிருஷ்ணன் வீட்டுக்கே போய்விட்டார்.

"இனி எங்கப்பா வெளையாடுறது?"

"ராகி அறுப்பு முடியட்டும் சார். எங்க கொல்ல காலியாயிடும்."

அறுப்புக்கும் போனார். அரைமணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்ததும் வெங்கடம்மா அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு, "நீ கட்டு தூக்கு சாமி, போதும்" என்றாள்.

மார்கழியில் அந்தக் கொல்லையில் வில்லாவும் கிராமமும் மோதின. வில்லா படுதோல்வி. இரண்டாம் பந்திலேயே அவுட்டான கமலக்கண்ணன் வரப்பில் அமர்ந்து, அவரைக்காய்க் குழம்பில் தோய்த்து இரண்டாவது களி உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுப்ரியா, ரோஜாவுக்கு எரு எங்கே கிடைக்கும் என்று வெங்கடம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.