மூடிய கைக்குள் ஒரு க்ளிப்

தாயின் தலையிலிருந்து க்ளிப்பை உருவி, அழுகிற குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறாள் தமயந்தி. "இது உங்கிட்ட இருக்குதில்ல? அப்போ அம்மா இத வாங்க வந்துதான ஆவணும்?" அவிழ்ந்த தலையோடு தாய் பஸ்ஸுக்கு ஓடுவாள். விசும்பல் மெல்ல அடங்கும். இவ்வளவும் ஜன்னலைச் சாத்திய பிறகுதான் நடக்கும்.

ஜீவனஹள்ளியில் தன் வீட்டு முன்னறையில் மழலைப் பள்ளி நடத்துகிறாள். இரண்டு தெரு தள்ளி ஷோபா இன்னொன்று நடத்துகிறாள். ஜன்னலைச் சாத்த அது போதும்.

அந்த வட்டாரத்து மழலைப் பள்ளி ஆசிரியைகள் மாதம் ஒரு சனிக்கிழமை காக்ஸ் டவுனில் கூடுகிறார்கள். தமயந்தியும் போவாள். கதவோர நாற்காலி, மடியில் பை. யாராவது தாராளமாக யோசனை சொன்னால், "சும்மா யாரும் இவ்ளோ சொல்ல மாட்டாங்க" என்று முணுமுணுப்பாள். பகிர்ந்தால் அறிவு வளரும் என்று அந்த ஹால் சுவரில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டால் வளர்ந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சுவர் சொல்வதில்லை.

போன மாதம் அவளுக்கே ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டரை வயது தேஜஸ் மற்ற குழந்தைகளைக் கடிக்கிறான். கோபக்காரன் என்று முடிவுகட்டித் தனியே உட்காரவைத்தாள். இன்னும் அதிகமாகக் கடித்தான். மறுபடி கடித்தால் அவனை அனுப்பிவிட வேண்டும் என்று மற்ற பெற்றோர் சொல்லிவிட்டார்கள். அனுப்பினால் அவன் அம்மா வீணா பீன்யா ஃபேக்டரி வேலையை விட வேண்டியதுதான். கேட்டாலோ, விஷயம் இரண்டு தெரு நடந்துவிடும்.

"என் ஃப்ரெண்டு ஸ்கூல்ல ஒரு பையன்..." என்று கூட்டத்தில் ஆரம்பித்தாள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஷோபா பக்கத்தில் வந்தாள். "கடவாப்பல்லு வருதான்னு பாக்கச் சொல்லுங்கக்கா, உங்க ஃப்ரெண்ட. ஈரத்துணிய ஃப்ரிட்ஜ்ல வெச்சி, அவன் கடிக்கறதுக்கு முன்னாடியே கையில குடுக்கணும்."

'உங்க ஃப்ரெண்ட' என்று அவள் அழுத்திச் சொன்னது தமயந்திக்குப் பிடிக்கவில்லை. இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று ஞாயிறு முழுக்க யோசித்தாள். திங்களன்று ஜன்னலைச் சாத்திவிட்டு அவன் வாயைத் திறந்து பார்த்தாள். ஈறு வீங்கியிருந்தது. அதன் பிறகு தேஜஸ் துணியைத்தான் கடித்தான். நன்றி சொல்ல ஃபோனை எடுத்தவள், பதிலுக்கு என்ன கேட்பாளோ என்று கீழே வைத்துவிட்டாள்.

இந்த மாதக் கூட்டத்தில் ஷோபா எழுந்தாள். தனக்குத் தெரிந்த ஒரு ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் நாள் முழுக்க அழுகிறாள், அம்மா நிறுத்திவிடப் போகிறாள் என்றாள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தமயந்தி கூட்டம் முடியக் காத்திருந்தாள்.

படிக்கட்டில் ஷோபாவை நிறுத்தினாள். யாராவது வருகிறார்களா என்று படியின் மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா தலையில இருக்கற க்ளிப்பத்தான் எடுக்கணும்னு சொல்லு, உனக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல."

பிறகு தன் தலையிலிருந்து க்ளிப்பை உருவி, ஷோபாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.