வாய் மூடாத ஆப்பரேஷன்

எழுபதுகளின் கடைசியில் மாக் மண்டினில் ஒரு நெசவாலையில் லைன் லீடராக இருந்தேன். வீடு தீவில், ஜார்ஜ் டவுனில்; தினமும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவேன். இருபத்திரண்டு பெண்கள் என் பொறுப்பு. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. என் குரல் மட்டும் கடைசித் தறிவரை போகும். அந்தக் குரலுக்காகத்தான் பேக்கிங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த என்னை லைனுக்கு ஏற்றினார்கள். வீட்டில் அதற்குப் பெயர் வாயாடித்தனம்.

தைராய்டு வீங்கி, விழுங்கும்போது அடைக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்காரர், நிதானமான மனிதர். வெட்டி எடுக்க வேண்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, தைராய்டை ஒட்டி நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுகிறது, குரலை ஆட்டுவிப்பது அதுதான், அதற்கு அடிபட்டால் குரல் கம்மிப்போகும் என்றார். அடிபட்டதா இல்லையா என்று எப்போது தெரியும் என்று கேட்டேன். மயக்கம் தெளிந்து நான் பேசினால் தெரியுமாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் குரல் போன செய்தியை எல்லாம் முடிந்த பிறகு நான் தெரிந்துகொள்வதா? குரல் போனால் லைனும் போய்விடும். வெட்டும்போதே தெரிந்துகொள்ள வழி இல்லையா என்று விடாமல் கேட்டேன். அதற்கென்று கருவி எதுவும் அப்போது அங்கே கிடையாது. தான் படித்த நாட்களில், கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளியைப் பேச வைத்துக்கொண்டே செய்வார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டேன். எனக்கும் அப்படியே செய்யுங்கள் என்றேன். டாக்டரிடம் போய்ச் சட்டம் பேசாதே என்று என் கணவர் மேசைக்கடியில் காலை மிதித்தார். நான் திருப்பி மிதித்தேன்.

ஆப்பரேஷன் மேசையில் படுத்ததும் வீரமெல்லாம் வடிந்துவிட்டது. வலி இல்லை; ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். பயத்தில் முப்பதைத் தாண்டுவதற்குள் குழம்பிவிட்டேன். அதனால் ஆலையில் காலையில் செய்வதையே செய்தேன்: ஒவ்வொரு தறியாகச் சொல்லி, அதில் நிற்பவளைத் திட்டினேன். ஒருத்தி லேட், ஒருத்திக்கு ஊர்க்கதை, ஒருத்திக்கு நூல் அறுந்தாலும் கண்ணில் படாது. நர்ஸ் சிரிப்பது கேட்டது. பதினேழாவது தறிக்கு வந்தபோது என் குரல் திடீரென்று கரகரத்து, வெறும் காற்றாகிவிட்டது.

டாக்டரின் கை அப்படியே நின்றது. இழுத்துப் பிடித்திருந்ததை மெல்ல விட்டார்.

"இப்ப கதையுங்கோ, பிள்ளை" என்றார்.

பேசினேன். குரல் திரும்பி வந்தது. ஒரு சின்னத் துண்டு நரம்போடு ஒட்டிக் கிடக்கிறது, இழுத்தால் நரம்புக்கு ஆபத்து, விட்டுவைத்தால் பின்னால் மறுபடி வளரலாம் என்று விளக்கினார்.

"விட்டுடுங்க டாக்டர். வளந்தா வளரட்டும் லா. அப்பவும் வந்து இப்படியே பேசிக்கிட்டுப் படுத்துக்கிறேன்."

"சரி. திட்டுறதை நிப்பாட்டாதேங்கோ" என்றார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். தழும்பு தெரியாமல் கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள் வீட்டில், சுற்றவில்லை. கழுத்தில் ஆப்பரேஷன் என்று கேள்விப்பட்டதுமே மேனேஜர் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றி, லைனுக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பேசச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

நான் பேக்கிங்குக்குப் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தறிகளுக்கு நடுவில் போய் நின்றேன். அங்கிருந்தே தெரிந்தது, கடைசித் தறியில் நூல் அறுந்து கிடந்தது. மூச்சை நன்றாக இழுத்து, அங்கே நின்றவளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரலில் புதிதாக ஒரு சொரசொரப்பு இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.