பெரிய பாதி

மகளுடைய ஆசிரியை குரலை உயர்த்தாமல் சிரித்துக்கொண்டே பேசுவார். அதனால்தான் அன்று பள்ளிக்கு அழைத்துப் பேசியபோது எனக்குப் பயம் கூடியது. நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் கெட்ட செய்தியைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

இரண்டாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பாதி, கால் என்று பிரித்துவிடுகிறார்களாம். என் மகளுக்குப் பாதியே இன்னும் பிடிபடவில்லையாம். மாவில் செய்த விளையாட்டுக் கேக்கைத் தோழியோடு பாதியாகப் பகிரச் சொன்னால், ஒரு துண்டு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வெட்டுகிறாள். கேட்டால், இதுதான் பாதி என்று அடித்துச் சொல்கிறாள். வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், அடுத்த வாரம் இன்னொரு முறை பார்ப்போம், சரிவராவிட்டால் தனி உதவி வகுப்பில் விடலாம் என்றார் ஆசிரியை.

டூங்கபியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்வரை கார் எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக் காலத்தில் கணக்கில் நான் புலி. என் பிள்ளைக்குப் பாதி தெரியாதா? கண்ணில் குறையா, இல்லை வேறு ஏதுமா? வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசிக் குழம்பிவிட்டாளா? எங்கள் ஆட்கள் பால்பல் விழமுன்னரே பிள்ளைகளை, கெட்டிக்காரருக்கான பள்ளிகளில் இடம் பிடிக்கிற செலக்டிவ் பரீட்சைக்கு ட்யூஷன் அனுப்புகிற ஊர் இது. யாரிடம் வாயைத் திறந்து கேட்பது?

"அவளுக்கு ஏழு வயசுதானே. நீர் ஏன் இப்பிடிப் பதறுறீர்?" என்றார் கணவர். அவருக்கென்ன, வேலையால் வந்து படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது.

அன்றிலிருந்து சமைக்கிற குசினிதான் எங்கள் வகுப்பறை. முதலில் கடதாசி மடித்தோம். ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழகாக மடித்தாள். கடதாசியை யாரும் மடிக்கலாம் என்று நினைத்தேன். பயம் பிடித்தவளுக்கு நல்லது எதுவும் கண்ணில் படாது.

அடுத்த நாள் குழல் புட்டைத் தட்டில் தள்ளி, "இது ரயில். பரமட்டாவுக்குப் போகுது. உனக்குப் பாதி ரயில், எனக்குப் பாதி ரயில்," என்றேன். அவளுக்கு ஒரே குதூகலம். கூவிக் கூவி ரயிலை வெட்டினாள். எனக்கு நீளமான பெட்டி, தனக்கு ஒரு குட்டித் துண்டு.

"இது பாதியோ?"

"ஓம். யுவர் ஹாஃப், மை ஹாஃப்."

தோடம்பழம் வெட்டினோம், பாண் வெட்டினோம். எதை வெட்டினாலும் அதே கதைதான். கடைசியில் கத்திவிட்டேன். "கண் தெரியேல்லையோ உனக்கு?" அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

ஆசிரியை சொன்ன நாளுக்கு முந்தைய மாலை. பள்ளியால் வந்தவளுக்குத் தின்னக் கொடுக்க, பொரித்த ரோல்ஸில் ஒரேயொன்றுதான் மிச்சம் இருந்தது. விளையாடியது போதும், நானே வெட்டிக் காட்டுவோம் என்று அவளுடைய அடிமட்டத்தை எடுத்தேன். ரோல்ஸை அளந்து, ஒரு நூலும் பிசகாமல் நடுவில் வெட்டினேன். அவள் தட்டில் ஒன்று, என் தட்டில் ஒன்று.

"வடிவாப் பார். இதுதான் பாதி."

பார்த்தாள். தன் தட்டை, என் தட்டை, திரும்பவும் தன் தட்டை. சாப்பிடவில்லை.

"ரெண்டும் சேம்," என்றாள் மெதுவாக.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஓம் குஞ்சு! ரெண்டும் ஒரே அளவு. கண்டுபிடிச்சிட்டாய்!"

அவள் சிரிக்கவில்லை. உதடு பிதுங்கிக் கண் நிறைந்துவிட்டது.

"வெட்டுற ஆளுக்குத்தானே சின்னது. நீங்கள் வெட்டினா ஆல்வேஸ் எனக்குத்தானே பெரிசு தருவீங்கள்." என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, என்னோட கோவமோ?"